அந்த நான்கு கட்டங்களில் அரிசி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை நடுப்பக்கத்தில், 1956-ல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் உழைத்துத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் கட்டுரை எந்தக் கதைமேல் நிற்கிறதோ அந்தக் கதையே கோணலாக இருக்கிறது. 1955-ல் நாட்டின் பொருளாதார அறிஞர்கள் அத்தனை பேரும் சோஷலிச மயக்கத்தில் கிடந்தார்களாம், பி.ஆர். ஷெனாய் என்ற ஒரே ஒருவர் மட்டும் சந்தையின் பக்கம் எழுந்து நின்றாராம், அவர் பேச்சைக் கேட்காததால் முப்பத்தைந்து வருஷம் வீணாய்ப் போனதாம். 1991-ல் தாராளமயம் வந்த அப்புறம்தான் இந்தக் கதை இவ்வளவு பிரபலமானது. நாங்கள் மாணவர்களாக இருந்தபோது இதற்கு நேர் எதிரான கதை ஓடிக்கொண்டிருந்தது: திட்டத்தின் கணக்கைப் போட்ட மகலநோபிஸ் தீர்க்கதரிசி, ஷெனாய் பிற்போக்குவாதி, தேர்வில் ஒரு பத்தி எழுதினால் போதும். கதாநாயகனும் வில்லனும் இடம் மாறிக்கொண்டார்கள், கதை மாறவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் கல்லூரியில் இந்தியப் பொருளாதாரம் நடத்தியவன் நான். முதலீட்டை நான்கு துறைகளுக்குப் பிரித்துக் காட்டும் மகலநோபிஸ் மாதிரியை வருஷா வருஷம் கரும்பலகையில் நான்கு கட்டம் போட்டுத்தான் விளக்குவேன். ஒரு தடவை, பின்வரிசையில் எப்போதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பையன் எழுந்து, "சார், இந்த நாலு கட்டத்துல அரிசி எங்க சார் இருக்கு?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, மூன்றாவது கட்டத்தைக் காட்டி, "இதுக்குள்ளதான்" என்று சொல்லிக் கடந்துவிட்டேன். வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான் அவன் கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்று புரிந்தது. 1950-களின் நடுவில் இந்தியாவில் நடந்த மொத்தச் சண்டையும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும் என்று இன்றும் நினைக்கிறேன். சோஷலிசமா சந்தையா என்பது மேல்பூச்சு. நாடு முழு வேகத்தில் முதலீடு செய்யக் கிளம்பினால் முதலில் எது தீர்ந்துபோகும் என்பதுதான் அடியில் இருந்த சண்டை. எந்திரமா, சேமிப்பா, சோறா? மகலநோபிஸ் எந்திரம் என்றார். ஷெனாய் சேமிப்பு என்றார். சோறும் துணியும் என்று சொன்ன மூன்றாவது தரப்பு ஒன்று இருந்தது. உங்கள் கட்டுரையில் அவர்கள் பெயரே இல்லை.

முதலில் மகலநோபிஸ். அவரை ரஷ்யாவைப் பார்த்து ஈயடிச்சான் காப்பி அடித்தவர் என்கிற மாதிரி கட்டுரை சொல்கிறது. அவர் பொருளாதாரம் படித்தவரே அல்ல. கேம்பிரிட்ஜில் இயற்பியல் படித்து, புள்ளியியலுக்கு வந்து, 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1928-லேயே ஃபெல்ட்மேன் என்ற சோவியத் பொருளியலாளர் இதே மாதிரி ஒரு கணக்கைப் போட்டிருந்தார் என்பது உண்மை. ஆனால் கணக்கின் சாரம் எந்த விவசாயிக்கும் தெரிந்ததுதான். இந்த வருஷ விளைச்சலில் விதைநெல்லுக்கு எவ்வளவு எடுத்து வைக்கிறாய்? கூடுதலாக எடுத்து வைத்தால் இந்த வருஷம் வயிற்றைக் கட்ட வேண்டும், நாலைந்து வருஷம் கழித்துக் களம் நிறையும். எந்திரம் செய்யும் எந்திரம்தான் அவருடைய விதைநெல். அதை உள்ளூரில் செய்ய முடியாவிட்டால், நீ எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் அது எந்திரமாக மாறாது என்றார். வெளிநாட்டிலிருந்து வாங்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கலாம், அதற்கு ஏற்றுமதி வேண்டும். தேயிலையும் சணலும் விற்று எவ்வளவு வந்துவிடப் போகிறது என்ற அவநம்பிக்கை அன்றைக்கு எல்லோரிடமும் இருந்தது. பிரெபிஷ், சிங்கர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1950-ல் ஆளுக்கொரு பக்கமிருந்து, மூலப்பொருள் விற்கும் நாடுகளுக்கு விலை போகப்போகப் பாதகமாகத்தான் இருக்கும் என்று எழுதியிருந்த நேரம் அது. மகலநோபிஸ் கணக்கில் வெளிநாட்டு வாணிபத்துக்கு இடமே கிடையாது. கதவைச் சாத்திவிட்டுப் போட்ட கணக்கு.

இதை இடதுசாரி மோகம் என்று மட்டும் சொல்லி ஒதுக்க முடியாது. 1944-ல் டாட்டா, பிர்லா முதலான தொழிலதிபர்கள் சேர்ந்து போட்ட பம்பாய்த் திட்டமே பதினைந்து வருஷத்தில் 10,000 கோடி ரூபாய் போட்டு, அடிப்படைத் தொழில்களை முதலில் வளர்க்க வேண்டும் என்றுதான் சொன்னது. அதில் கையெழுத்துப் போட்ட ஜான் மத்தாய்தான் பிறகு நிதியமைச்சராகி, திட்டக் குழுவுக்கு இவ்வளவு அதிகாரம் கூடாது என்று 1950-ல் பதவியை விட்டுப் போனார். இவரை எந்தப் பக்கத்தில் உட்கார வைப்பார் கட்டுரையாளர்?

சரி, நான்கு கட்டங்களுக்கு வருகிறேன். 1955 மார்ச்சில் மகலநோபிஸ் கொடுத்த திட்ட வரைவுக்குப் பின்னால் இருந்த கணக்கு இது. ஐந்து வருஷத்தில் மொத்த முதலீடு 5,600 கோடி ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 1,850 கோடி, எந்திரம், எஃகு போன்ற மூலதனப் பொருள் துறைக்கு. ஆலையில் செய்யும் நுகர்பொருள்களுக்கு 980 கோடி. கல்வி, மருத்துவம் போன்ற சேவைகளுக்கு 1,600 கோடி. மிச்சம் 1,180 கோடி, கைத்தறி முதலான குடிசைத் தொழில்களும் விவசாயமும் சேர்ந்த மூன்றாவது கட்டத்துக்கு. ஆமாம், தறியும் வயலும் ஒரே கட்டத்தில்தான். பையன் கேட்ட அரிசி அங்கேதான் கிடந்தது, ராட்டையோடு சேர்ந்து.

இப்போது அந்தக் கட்டங்களுக்குள் எழுதியிருந்த எண்களைப் பாருங்கள். மூலதனப் பொருள் துறையில் ஒரு ரூபாய் போட்டால் வருஷத்துக்கு 20 காசு வருமானம் கூடும், ஒரு ஆளுக்கு வேலை கொடுக்க 20,000 ரூபாய் வேண்டும். மூன்றாவது கட்டத்தில் ஒரு ரூபாய் போட்டால் ஒன்றேகால் ரூபாய் கூடும், ஒரு ஆளுக்கு வேலை கொடுக்க வெறும் 2,500 ரூபாய் போதும். (1955-ல் நயா பைசா வரவில்லை, அணாக் கணக்குதான். வசதிக்காகக் காசில் சொல்கிறேன்.) பெருக்கிப் பார்த்தால், எதிர்பார்த்த மொத்த வருமான உயர்வு சுமார் 2,900 கோடி. அதில் 1,475 கோடி, அதாவது சரிபாதி, மூன்றாவது கட்டத்திலிருந்து வரவேண்டும். வேலை கிடைக்கவேண்டிய 1 கோடியே 10 லட்சம் பேரில் 47 லட்சம் பேருக்கு அங்கேதான் வேலை. முதலீட்டில் ஐந்தில் ஒரு பங்கு, விளைச்சலில் பாதி. பல வருஷம் இதை நடத்தியும் நான் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்ததில்லை, அந்தப் பையன் கேட்ட அன்றைக்கு ராத்திரிதான் உட்கார்ந்து போட்டேன். கனரகத் தொழில் திட்டம், கனரகத் தொழில் திட்டம் என்று சொல்லிச் சொல்லியே, அது நிற்கும் கால் வயலிலும் தறியிலும் ஊன்றியிருக்கிறது என்பதைக் கவனிக்காமலே விட்டுவிட்டோம். அந்த ஒன்றேகால் ரூபாயும் அளந்து எடுத்த எண் அல்ல, குத்துமதிப்பு. மழை பெய்தால் ஒன்றேகால், பெய்யாவிட்டால் முக்கால்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அந்த வருஷத்து விலையிலிருந்து. 1952 ஜூனில் சென்னை ராஜ்யத்தில் முதலமைச்சராக இருந்த ராஜாஜி அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்தார். பயந்தவர்கள் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. தில்லியில் மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் அதே வழியில் போனார். 1953-54-ல் விளைச்சல் கொட்டியது, முதல் திட்டத்தின் தானிய இலக்கு தாண்டியது, 1954-55-ல் விலை எவ்வளவு விழுந்தது என்றால் விவசாயியைக் காப்பாற்ற அரசே கொள்முதலுக்கு இறங்கவேண்டி வந்தது. மகலநோபிஸ் வரைவு எழுதப்பட்டது அப்படிப்பட்ட நேரத்தில். வயிறு நிறைந்திருக்கும்போது போட்ட சமையல் கணக்கு. முதல் திட்டத்தில் விவசாயத்துக்கும் சமூக வளர்ச்சிக்கும் சேர்த்து ஒதுக்கியது 15.1 சதவீதம், இரண்டாம் திட்டத்தில் 11.8. தொழிலும் சுரங்கமும் 7.6-லிருந்து 18.5-க்கு ஏறின. ரூபாயில் பார்த்தால் விவசாயத்துக்குக் கூடத்தான் செய்தது, 357 கோடி 568 கோடி ஆயிற்று. ஆனால் தொழிலுக்கு 179 கோடி 890 கோடி ஆயிற்றே.

இனி ஷெனாய். 1955 தொடக்கத்தில் திட்டத்தை ஆராய ஒரு பொருளாதார அறிஞர் குழு போட்டார்கள், நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் தலைமை, இருபது சொச்சம் பேர். எழுத்தில் எதிர்க்குறிப்பு கொடுத்தவர் ஷெனாய் ஒருவர்தான், அதில் கட்டுரையாளர் சொல்வது சரி. லண்டனில், சந்தைப் பொருளாதாரத்துக்காக வாதாடிய ஹயக்கின் வகுப்பில் உட்கார்ந்தவர், ரிசர்வ் வங்கியில் வேலை பார்த்தவர், அப்போது குஜராத் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அவருடைய வாதத்தின் நடுநாடி "சந்தை வாழ்க" என்பதல்ல. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பதுதான். மக்கள் உண்மையில் மிச்சம் பிடிக்கும் தொகை இவ்வளவுதான், திட்டம் கேட்பது அதைவிட அதிகம், அந்த இடைவெளியை நோட்டு அடித்து நிரப்பினால் முதலில் விலை ஏறும், பிறகு அந்நியச் செலாவணி கசியும், அதைத் தடுக்கக் கட்டுப்பாடு போடுவீர்கள், கட்டுப்பாட்டைக் காப்பாற்ற இன்னொரு கட்டுப்பாடு போடுவீர்கள், கடைசியில் ஜனநாயகத்துக்கே அது நல்லதல்ல. தேசியமயத்தையும் அவர் எதிர்த்தார், ஆனால் குறிப்பின் ஆணிவேர் சேமிப்புக் கணக்கு.

அரசாங்கத்தின் சொந்தக் கணக்கையே பாருங்கள். இறுதித் திட்டத்தில் பொதுத்துறைச் செலவு 4,800 கோடி. அதில் 1,200 கோடி பற்றாக்குறை நிதியாக்கம், சாதாரணத் தமிழில் நோட்டு அடிப்பது. 800 கோடி வெளிநாட்டு உதவி, வரும் என்று நம்பிக்கை. இன்னும் 400 கோடிக்கு எங்கிருந்து வரும் என்று எழுதவே இல்லை, "இடைவெளி" என்று போட்டு விட்டுவிட்டார்கள். நேர்மையான ஆவணம்தான், ஒரு வகையில். தன்னிடம் எங்கே ஓட்டை என்று தானே சொல்லிக்கொண்ட திட்டம்.

ஓட்டை பெரிதாக ரொம்ப நாள் ஆகவில்லை. போர்க்காலத்தில் சேர்ந்த ஸ்டெர்லிங் (பிரிட்டிஷ் பவுண்டு) கையிருப்பிலிருந்து ஐந்து வருஷத்தில் 200 கோடி எடுப்போம் என்பது திட்டம். முதல் வருஷமே அதற்கு மேல் போய்விட்டது, அடுத்த வருஷம் இன்னும் கூடுதலாகப் போனது. இதைச் சட்டத்திலேயே பார்க்கலாம், அதுதான் எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். 1956-க்கு முன்பு நோட்டுக்கு இத்தனை சதவீதம் தங்கமும் ஸ்டெர்லிங்கும் பின்னால் இருக்கவேண்டும் என்று விதி. 1956-ல் அதை மாற்றி, 115 கோடிக்குத் தங்கம், 400 கோடிக்கு அந்நியப் பத்திரங்கள் இருந்தால் போதும் என்றார்கள். அடுத்த வருஷமே மறுபடி திருத்தம்: இரண்டும் சேர்ந்து 200 கோடி, அதில் தங்கம் 115 கோடி. அதாவது 400 கோடி என்றிருந்த அந்நியப் பத்திரக் குறைந்தபட்சம் ஒரே வருஷத்தில் 85 கோடி ஆனது. துணி சுருங்கச் சுருங்க அளவுகோலை வெட்டிக்கொண்டே வந்தார்கள். ஷெனாய்க்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

ஆனால் இங்கே ஒரு விஷயத்தைக் கட்டுரையாளர் சௌகரியமாக விட்டுவிட்டார். செலாவணி கரைந்தது அரசாங்கத்தின் எஃகு ஆலைகளால் மட்டும் அல்ல. 1955-56-ல் தனியார் துறைக்கு இறக்குமதி உரிமங்களைத் தாராளமாக அள்ளிக் கொடுத்தார்கள், அவர்களும் ஆர்வத்தோடு எந்திரங்களுக்கு ஆர்டர் போட்டார்கள், சரக்கு வந்து இறங்கும்போதுதான் பில் வந்தது. ராணுவத் தளவாடம் வேறு. சூயஸ் கால்வாய் மூடியதால் கப்பல் வாடகை வேறு. இவற்றோடு தானியம். ஓட்டை ஒரு பக்கம் மட்டும் இருந்திருந்தால் அடைப்பது சுலபமாக இருந்திருக்கும். மற்றபடி ஷெனாய் பயந்த அளவுக்கு விலைவாசி வெறிபிடித்து ஓடவும் இல்லை. இரண்டாம் திட்டக் காலம் முழுவதும் சேர்த்து மொத்த வியாபார விலை சுமார் 30 சதவீதம் ஏறியது. அது வலிதான், முதல் திட்டத்தில் விலை இறங்கியிருந்ததை நினைத்தால் இன்னும் வலி, ஆனால் நாடு கவிழ்ந்துவிடவில்லை.

இப்போது நான் எழுத உட்கார்ந்த காரணத்துக்கே வருகிறேன். 1956-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறையிலிருந்து இரண்டு பேர் சேர்ந்து ஒரு தடித்த புத்தகம் கொண்டுவந்தார்கள். ஒருவர் சி.என். வகீல் (பெயர்தான் வகீல், தொழில் பேராசிரியர்), இன்னொருவர் அவருடைய இளைய சகா பி.ஆர். பிரம்மானந்தா, அப்போது முப்பது வயசு இருக்கும். இவர்கள் திட்டமிடுதலை எதிர்க்கவில்லை. சந்தைக்கு விட்டுவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. நீங்கள் மூலதனம் என்று எதை நினைக்கிறீர்களோ அதில்தான் தப்பு என்றார்கள்.

அவர்கள் வாதத்தை வகுப்பில் சொல்வது மாதிரியே சொல்கிறேன். ஒரு குடும்பத்தில் ஐந்து பேர். நிலம் மூன்று பேர் உழைப்புக்குத்தான் இருக்கிறது, ஆனால் ஐந்து பேரும் அதிலேயே உழல்கிறார்கள். இதைத்தான் மறைமுக வேலையின்மை என்கிறோம். ராக்னர் நர்க்ஸே என்ற பொருளியலாளர் 1953-ல் ஒரு அழகான யோசனை சொன்னார்: அந்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அணை கட்ட விடு, ரோடு போட விடு, விளைச்சல் குறையாது, அவர்கள் வீட்டில் சாப்பிட்ட சோறுதானே, அதையே கட்டிக் கொடுத்துவிடு, மூலதனம் இலவசமாக உருவாகிவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. வகீலும் பிரம்மானந்தாவும் அந்தச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். ஐந்து பேர் அரைவயிறு சாப்பிட்ட வீட்டில் இரண்டு பேர் போனால், மிச்சமிருக்கும் மூன்று பேர் முதலில் தங்கள் வயிற்றை நிரப்புவார்கள். மனுஷ சுபாவம். போன இரண்டு பேரும் கடப்பாரை பிடிக்கிறார்கள், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது சாப்பிட்ட அளவு போதாது. மாற்றுத்துணி வேண்டும். ஊரிலிருந்து வேலையிடத்துக்குச் சோறு வண்டியேற வேண்டும். ஆக, ஆள் இருக்கிறது, வேலை இருக்கிறது, இடையில் குறைவது கூலியாகக் கொடுக்கும் காசு அல்ல, அந்தக் காசைக் கொண்டுபோய் அவன் வாங்கவேண்டிய தானியமும் துணியும். அவர்கள் அதற்குக் கூலிப் பண்டங்கள் என்று பெயர் வைத்தார்கள், இந்தியாவில் இருப்பது கூலிப் பண்டப் பற்றாக்குறை என்றார்கள். எந்திரப் பற்றாக்குறை அதற்கு அடுத்ததுதான். எனவே முதலில் பாசனம், உரம், விதை, துணி. அங்கே முதலீடு சீக்கிரம் பலன் தரும், ஆளும் நிறைய இழுக்கும், அப்புறம் எஃகு தானாக வரும்.

மகலநோபிஸுக்கு இதற்குப் பதில் இல்லாமல் இல்லை. நுகர்பொருளைக் குடிசைத் தொழில் பார்த்துக்கொள்ளும், மூலதனம் அதிகம் தேவையில்லை, வேலையும் கிடைக்கும் என்பதுதான் அவர் ஏற்பாடு. 1955-ல் கிராமத் தொழில், சிறுதொழில்களை ஆராய்ந்த கார்வே குழுவும் அதையே சொன்னது. ஆலைத் துணிக்கு வரி போட்டுக் கைத்தறிக்குக் கொடுத்தார்கள், ஆலைகள் தறி கூட்டக் கட்டுப்பாடு போட்டார்கள், தமிழ்நாட்டுக்காரர் ஏகாம்பரநாதன் உருவாக்கிய அம்பர் சர்க்கா என்ற புது ராட்டையை வைத்து நூல் பஞ்சத்தைத் தீர்க்கலாம் என்று குழு போட்டு ஆராய்ந்தார்கள். ஒரு பக்கம் பிலாய், ரூர்கேலா, துர்காபூர், ஒவ்வொன்றிலும் வருஷத்துக்குப் பத்து லட்சம் டன் எஃகு வார்ப்பு. இன்னொரு பக்கம் ராட்டை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சின்னப் பட்டறைக்காரன்தான் நசுங்கினான். 1955-ல் தில்லிக்கு வந்து அரசுக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்த அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மனும் இதைத்தான் சுட்டிக்காட்டினார், இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு நடுவை விட்டுவிட்டீர்கள் என்று. ஃப்ரீட்மன் சொன்னதில் பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை, இது சரி.

காந்தியவாதிகளைத் திருப்திப்படுத்தத்தான் ராட்டை வந்தது என்று கட்டுரை சொல்கிறது. தஞ்சாவூரில் பிறந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்து கிராமத் தொழிலுக்கே வாழ்க்கையைக் கொடுத்த ஜே.சி. குமரப்பா இந்தத் திட்டத்தால் திருப்தி அடைந்தவர் அல்ல. எஃகு ஆலைக்கு நேரம் வாங்கிக் கொடுக்கிற வேலைக்கு ராட்டையைக் கூப்பிட்டால் அவர் எப்படி ஒப்புவார்? அதே மாதிரி ராஜாஜியையும் ஷெனாயையும் ஒரே மூச்சில் சொல்வது பொருந்தாது. ராஜாஜி 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியது காங்கிரஸின் நாக்பூர்க் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் வந்த சூட்டில், அவருடைய கோபம் பர்மிட்டும் லைசென்ஸும் மனிதனை என்ன செய்கிறது என்பதில். ஷெனாயின் கவலை வேறு வகை, கணக்குப்பிள்ளையின் கவலை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1956 ஆகஸ்டில் அமெரிக்காவோடு பி.எல். 480 ஒப்பந்தம், ரூபாய் கொடுத்துக் கோதுமை வாங்கலாம். திட்டம் தொடங்கி ஐந்தே மாசம் என்பதைக் கவனியுங்கள். 1957-ல் தானிய விலை ஏன் ஏறுகிறது என்று அசோக் மேத்தா தலைமையில் குழு. அந்த வருஷம் மழையும் கைவிட்டது. 1958-ல் திட்டத்தை 4,500 கோடிக்கு வெட்டினார்கள், அந்த வருஷ ஆகஸ்டில் உலக வங்கி கடன் கொடுக்கும் நாடுகளையெல்லாம் கூட்டி இந்தியாவுக்காக உட்காரவைத்தது. அதற்கு முன்பே டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்து இறக்குமதியை இறுக்கினார், பிரிட்டிஷ் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டோர் எழுதிக் கொடுத்தபடி செலவு வரி, சொத்து வரி என்று புதுசு புதுசாகப் போட்டார். செலவு வரி 1962-ல் போய், 1964-ல் திரும்பி வந்து, 1966-ல் ஒரேயடியாகப் போனது, அது தனிக் கதை. 1965-ம் 1966-ம் வறட்சி. கோதுமைக் கப்பல் வந்தால் ரேஷன், வராவிட்டால் திண்டாட்டம். 1966 ஜூன் 6-ல் ரூபாய் மதிப்பைக் குறைத்தார்கள், டாலர் 4.76-லிருந்து 7.50 ரூபாய். ஐந்தாண்டுத் திட்டத்துக்கே மூன்று வருஷம் விடுமுறை விட்டார்கள்.

எது முதலில் தீர்ந்தது என்று இந்த வரிசையை வைத்தே பாருங்கள். கையிருப்புச் செலாவணியும் தானியமும் ஏறக்குறைய ஒன்றாகத் தீர்ந்தன, ஒன்றை வைத்துத்தான் இன்னொன்றை வாங்கிக்கொண்டிருந்தோம். ஷெனாய்க்கு முதல் பாதி மதிப்பெண், வகீல், பிரம்மானந்தா என்ற பம்பாய்க்காரர்களுக்கு அடுத்த பாதி. என் கணக்கில் பம்பாய்க்காரர்களுக்குக் கொஞ்சம் கூட. ஏனென்றால் ஷெனாய் "நிறுத்து" என்றார், அவர்கள் "முதலில் இதைச் செய்" என்றார்கள். அதைத்தான் கடைசியில் செய்தோம், பத்து வருஷம் தாமதமாக. உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை கப்பலில் வரவழைத்தாரே, அது வகீல்-பிரம்மானந்தா புத்தகத்துக்கு வந்த நடைமுறைப் பதில் மாதிரி. அவர்களைப் படித்துவிட்டுச் செய்தார் என்று நான் சொல்லவில்லை, பசி சொல்லிக் கொடுத்தது.

இதற்காக மகலநோபிஸைத் தூக்கிக் குப்பையில் போடவும் மாட்டேன். பிலாயில் இன்றைக்கும் தண்டவாளம் உருளுகிறது. எந்திரம் செய்யத் தெரிந்த ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் அந்த ஆலைகளில்தான் உருவானார்கள். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு என்ற ஒன்றை அவர் உண்டாக்கியிருக்காவிட்டால், அவர் திட்டத்தைக் குறை சொல்வதற்கான புள்ளிவிவரம்கூட நம் கையில் இருந்திருக்காது. விதைநெல் எடுத்து வைக்கச் சொன்னது தப்பில்லை. அறுவடை வரைக்கும் வீட்டில் உலை வைக்க என்ன இருக்கிறது என்று பானைக்குள் கையை விட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கட்டுரையாளர் அடுத்த ஞாயிறு பதில் எழுதினால் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்க ஆசை. ஷெனாயின் குறிப்பை அவர் முழுசாகப் படித்திருக்கிறார் என்று கட்டுரையில் தெரிகிறது, சந்தோஷம். பம்பாய்ப் புத்தகத்தைத் திறந்து பார்த்தாரா? அப்புறம் ஒரு சின்னத் திருத்தம். படத்தின் கீழே இரண்டாம் திட்டம் போட்டபோது நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி என்று அச்சாகியிருக்கிறது. திட்டம் உருவானபோது அந்த நாற்காலியில் இருந்தவர் தேஷ்முக். மாநிலங்களைப் பிரிக்கும்போது பம்பாய் நகரம் யாருக்கு என்ற பிரச்சினையில் 1956-ல் அவர் விலகிய பிறகுதான் டி.டி.கே. வந்தார். பில் வந்தபோது கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் அவர், விருந்துக்கு ஆர்டர் கொடுத்தவர் வேறு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளாதார ஆசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.